பொருள் எண் நான்கு

முன்னாள் மாணவர் சங்கத்தில்
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்தான்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பார்கள்.
சாயப்பட்டறையில் இருபது வருசம்
பதிவேடு எழுதித் தேறிய கை.

பொருள் ஒன்று, போன கூட்டத்து வரவு செலவு.
இரண்டு, பெண்பிள்ளைகள் கழிவறைக்குக் கதவு.
மூன்று, ஆண்டுவிழாவுக்கு ஒலிபெருக்கி. போன வருசத்து ஆளே.
நான்கு:
பள்ளியின் பசுமை மன்றத்தைப் பற்றி
நாம் பேசலாமா, கூடாதா.

விசயம் ஊருக்கே தெரியும்.
நொய்யல் கரையில் ஐந்நூறு மரக்கன்று என்று
பலகை நட்டார்கள். ஈரோட்டில் பரிசு வாங்கினார்கள்.
பேப்பர்க்காரர் ஒருவர்
பொழுது சாயும்வரை நடந்தே எண்ணி
அறுபத்திரண்டு என்று போட்டுவிட்டார்.
படத்தில் பலகை தெளிவாக விழுந்திருந்தது.
பலகையின் நிழலில் ஓர் எருமை.

அன்றிலிருந்து பேக்கரியில்
தேங்காய் பன்னுக்கும் டீக்கும் நடுவே
அதுதான் சிரிப்பு.
சில்லறை குறைந்தால்,
"ஏனுங்க, நீங்க பசுமை மன்றமுங்களா?"
சீருடைப் பிள்ளைகள் நாலு பேர் ஏறினால்
காங்கேயம் பஸ்ஸில் கண்டக்டர்
"ஐந்நூறு டிக்கெட்" என்று கூவுகிறாராம்.

சென்னியப்பன் எழுந்தார்.
"பேசோணுமுங்க. மூடி வெச்சா நாறிப்போயிரும்.
பலகைக்குப் பணங்குடுத்தவன் நானு.
என்ற பேரும் அதுலதான இருக்குது."

தெய்வசிகாமணிக்கு உடன்பாடில்லை.
"நம்ம புள்ளைங்க. பதினாறு வயசு.
சபையில வெச்சு உரிக்கறதுக்கு
அதென்ன தேங்காயா?"

ஜமீலா உட்கார்ந்தபடியே சொன்னார்:
"பேசலாமா வேண்டாமான்னு என்ன கேள்வி,
பத்து நாளா அதைத்தான பேசிட்டிருக்கோம்.
பேக்கரியில பேசினா கேலி,
இங்க பேசினா தீர்மானம்."

எல்லாம் எழுதினேன்.
பின்வரிசையில் யாரோ
"அந்தப் பசங்களைக் கேட்டீங்களா?" என்றார்கள்.
அதை எழுதுவதற்குள்
அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

கேட்டிருக்கத் தேவையே இல்லை.
மன்றச் செயலாளர் வாசலில்தான் நின்றிருந்தாள்.
நிவேதிகா, பதினொன்றாம் வகுப்பு.
நாற்காலி அடுக்கச் சொல்லி
அனுப்பியிருந்தார்கள்.
யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்தாள்.

"குழி நானூத்தம்பது தோண்டினோம் சார்.
கன்னு நூத்திப்பத்துதான் வந்துச்சு.
பலகை அதுக்கு முன்னாடியே
எழுதி வந்திருச்சு.
மாத்திக் குடுங்கன்னு போய்க் கேட்டோம்.
பெயிண்டு காஞ்சிருச்சுன்னாங்க.

மேடையில பரிசு வாங்கும்போது
நான் ஒண்ணும் சொல்லல.
அது தப்புதான்.

மிச்சக் கன்னுக்கு
ஆத்துத் தண்ணிதான் மொண்டு ஊத்தினோம்.
ரெண்டு வாரம்.
ஆறு அப்ப கத்திரிப்பூ கலர்ல போச்சு."

மின்விசிறி சுற்றியது.
சென்னியப்பனை யாரும் பார்க்கவில்லை.
அவர் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
நான் என் பேனாவைப் பார்த்தேன்.
அவர் பட்டறைப் பதிவேட்டில்
'ஆற்றில் விட்ட கழிவுநீர்: சுழியம்' என்று
மாதாமாதம் போடுகிற பேனா.
வட்டம் கோணாமல் வரும்.

மேசைமேல் ஒரு நோட்டை வைத்துவிட்டு
அவள் நாற்காலி அடுக்கப் போனாள்.
நாங்கள் இன்னும் எழவே இல்லை,
காலியான வரிசையிலிருந்து தொடங்கினாள்.

பிரித்தேன். கோடு போட்ட கட்டங்கள்.
வேம்பு, ஆடு.
புங்கன், வெயில்.
புங்கன், ஆறு.
பூவரசு, ஆறு.
ஆறு.
ஆறு.
அடுத்த பக்கம் முழுக்கக்
கீழே கீழே மேற்படிக் குறி.

தலைமையாசிரியர் கடிகாரம் பார்த்தார்.
"நாலாவதுக்கு என்னங்க எழுதறது?" என்றேன்.
எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்,
அது அவர்களைக் கைவிடாது என்பதுபோல.

'நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.'

அழகாகத்தான் விழுந்தது.
டீ வந்தது. கையெழுத்துப் போட்டார்கள்.
மை காய்வதற்குள் அடித்து எழுதலாம் என்று
ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் நினைத்தேன்.
இந்தப் பேனாவில் மை
சட்டென்று காய்ந்துவிடும்.

அவள் நோட்டு
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.